துண்டுக்குள் ஒரே ஒரு கை

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் லூக்கா டொன்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்ததற்குப் பதிலாக டல்லாஸ் அணிக்கு ஆந்தனி டேவிஸ் கிடைத்தாரே, அவரும் பெரிய ஆட்டக்காரர்தானே? இதைவிட நல்ல விலையை வேறு எந்த அணி கொடுத்திருக்கும்?

பதில்: இதை நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். டல்லாஸின் அப்போதைய பொது மேலாளர் நீகோ ஹாரிசன் மற்ற அணிகளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது, அவர் கேட்கவில்லை. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து ரகசியமாகத்தான் விலை பேசுவார்கள், ஆனாலும் விற்பவர் நாலு தரகர் கையையாவது பிடித்துப் பார்ப்பார். 2025 பிப்ரவரியில் ஹாரிசன் பிடித்தது லேக்கர்ஸின் பொது மேலாளர் ராப் பெலிங்கா கையை மட்டும்.

கிடைத்தது என்ன? 31 வயது டேவிஸ், இளம் வீரர் மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமை (புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஒன்றே ஒன்று. கொடுத்தது, முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிப்போட்டி வரை இழுத்துச் சென்ற 25 வயதுக்காரர். 2024இல் மிக்கால் பிரிட்ஜஸுக்காக நிக்ஸ் அணி புரூக்ளினுக்கு ஐந்து முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்தது. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அதுவரை ஒருமுறைகூட ஆல்ஸ்டார் (அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆகாதவர்!

சரி, டேவிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் அவர் நியூ ஆர்லியன்ஸை விட்டுப் போகிறேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார், ஒப்பந்தத்திலும் அதிக காலம் மிச்சமில்லை, அதாவது விற்பவர் கை கட்டப்பட்ட நிலை. அப்போதும் அந்த அணி பிப்ரவரியில் லேக்கர்ஸ் சொன்னதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பாஸ்டனும் போட்டிக்கு வரலாம் என்ற பேச்சை ஓடவிட்டு, ஜூன் வரை பொறுத்தது. இடையில், டிராஃப்டில் யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்ற வரிசைக்கான குலுக்கலில் லேக்கர்ஸுக்கு 4ஆவது இடம் விழ, அதுவும் பேரத்தில் சேர்ந்தது. கடைசியில் கைக்கு வந்தது இங்ரம், லோன்சோ பால், ஹார்ட் என்ற மூன்று வீரர்கள், மூன்று முதல் சுற்று உரிமைகள். மறு ஆண்டே இங்ரம் ஆல்ஸ்டார்.

லூக்காவோ போகிறேன் என்று வாயே திறக்கவில்லை. அவசரமே இல்லாதவர் அவசரப்பட்டு விற்றிருக்கிறார்.

அப்புறம், "2025 டிராஃப்டின் முதல் தேர்வாக கூப்பர் ஃபிளாக் டல்லாஸுக்கு வந்தாரே" என்று அடுத்த வாரம் எழுதுவீர்கள். அது 1.8 சதவீத வாய்ப்பில் குலுக்கலில் விழுந்தது, ஹாரிசன் பேரம் பேசி வாங்கியதல்ல. 2025 நவம்பரில் ஹாரிசனையே டல்லாஸ் வேலையை விட்டு அனுப்பிவிட்டது.