குளச்சலில் கைதியான டிலனாய், திருவிதாங்கூரின் தளபதி ஆனது எப்படி?

தக்கலை பக்கம் வளர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்விக்கு ஆசையோடு பதில் எழுதுகிறேன்.

டிலனாய் டச்சுக் கம்பெனியின் படையில் வந்தவர். 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டார். மன்னர் அவரைக் கொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த தொழிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதுதான் இதில் பெரிய விஷயம் என்பேன். வாளும் வேலும் பழகிய வீரர்களுக்கு வரிசையில் நின்று துப்பாக்கி சுடவும் பீரங்கியைக் கையாளவும் அவர் பயிற்சி கொடுத்தார். புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது.

அப்புறம் காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கே ஒவ்வொரு நாடாகத் திருவிதாங்கூரிடம் விழுந்தது. மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றார்கள். கப்பித்தான் என்றால் கேப்டன், வலிய என்றால் பெரிய. வலிய, நம் ஊர்த் தமிழில் இன்றும் புழங்கும் சொல். பிற்காலத்தில் திருவிதாங்கூரின் வடக்கு எல்லையில் அவர் மேற்பார்வையில் எழுந்த நெடுங்கோட்டை மதில்தான், 1789 டிசம்பரில் திப்புவின் முதல் தாக்குதலைத் தடுத்து நின்றது.

அதைப் பார்க்க அவர் இல்லை, 1777இல் காலமாகிவிட்டார். உதயகிரிக் கோட்டைக்குள், கூரை போன தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. குனிந்து பாருங்கள், கல்லில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கும்.