டியூபுலர் பேட்டரி முழுசாக இறங்கினாலும் தாங்குமா?

அடிக்கடி கரண்ட் போய் இன்வெர்ட்டர் பேட்டரி முழுசாக இறங்கிவிடுகிறது, குழாய் வடிவ பிளேட் உள்ள டியூபுலர் பேட்டரிக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு சரியாகும். ஆனால் இறங்கியதைவிட, இறங்கிய பிறகு சார்ஜ் ஏற்றாமல் போட்டு வைப்பதுதான் பேட்டரியைக் கொல்லும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாங்கள் பட்டுக்கோட்டை பக்கம் இருந்தோம். தென்னையும் கரண்ட் கம்பமும் சேர்ந்தே சாய்ந்தன, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர்கள் எல்லாம் சீக்கிரமே கத்தி ஓய்ந்துவிட்டன. அப்பா மட்டும், தெருவுக்கு வாடகை ஜெனரேட்டர் வந்ததுமே எங்கள் டியூபுலரை அதில் சார்ஜ் போட வைத்தார். "குடிக்கத் தண்ணி இல்ல, உனக்குப் பேட்டரி கேக்குதா?" என்று ஏசினார்கள். தொட்டிக்கு மோட்டார் ஓடும் நேரத்தில்தான் இதையும் மாட்டினோம், யார் பங்கையும் பிடுங்கவில்லை. அந்தப் பேட்டரி அதற்குப் பிறகும் பல வருஷம் உழைத்தது. எதிர்வீட்டில் இன்வெர்ட்டருக்கு மாட்டியிருந்த கார் பேட்டரி, கரண்ட் வந்த பிறகு சார்ஜே பிடிக்கவில்லை.

பேட்டரி இறங்கும்போது பிளேட்டுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது மாறிவிடும், நாள்கணக்கில் விட்டால் கெட்டிப்பட்டு அப்படியே தங்கிவிடும். இது எல்லா வகைக்கும் பொது. கார் பேட்டரியில் இன்னொரு தொல்லையும் உண்டு. வண்டி கிளம்பும் சில நொடி நிறைய கரண்ட் தருவதற்காக மெல்லிய பிளேட்டுகளாக நிறைய வைத்திருப்பார்கள், அதை அடிமட்டம் வரை இறக்க இறக்க பிளேட்டில் அப்பிய பசை உதிர்ந்து கீழே சேரும். டியூபுலரில் பாசிட்டிவ் பக்கப் பசையைக் குழாய் மாதிரி உறை பிடித்துக்கொள்வதால் அவ்வளவு சீக்கிரம் உதிராது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்று விற்கும் எஸ்.எம்.எஃப். வகை பேட்டரி சீல் வைத்தே வருவதால், சூடேறித் தண்ணீர் வற்றினால் ஊற்ற வழியில்லை.

12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டினால் நிறைவு, லோடில் 10.5 வந்தால் காலி. அதுவரை விடாதீர்கள், பாதியோடு நிறுத்தினால் ஆயுள் கூடும். பேட்டரி கடை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரலாம், "எங்களுது 80 சதவீதம் இறங்கினாலும் தாங்கும்" என்பார்கள். தாங்கும்தான், தினமும் அப்படி இறக்கினால் எத்தனை வருஷம் என்பதையும் சொல்ல வேண்டுமே.

அப்புறம் இந்த வாரண்டி. சித்தப்பா புயலுக்குப் பிறகு பேட்டரியைக் கடைக்குத் தூக்கிப்போனால், "டீப் டிஸ்சார்ஜ் சார், வாரண்டி வராது" என்று, அதாவது அடிமட்டம் வரை இறக்கிவிட்டீர்கள் என்று, திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரே இருட்டில் கிடந்தபோது அவர் எங்கே போய்ச் சார்ஜ் போடுவார்? விற்கிற அன்றே அதைத் தமிழில் ஒரு வரி அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.