வீட்டுக் கடனை அடைத்துவிட்டு ஜெர்மனிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கோவையில் வாகன உதிரிபாகங்களை வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை. அக்டோபர் நடுவில் ஸ்டுட்கார்ட் அலுவலகத்துக்கு மூன்று வருடத்துக்கு அனுப்புகிறார்கள். ஜெர்மன் ஒப்பந்தம், சம்பளமும் அங்கேயே. மனைவியும் 5 வயது மகளும் இரண்டு மாதம் கழித்து வருவார்கள். பெற்றோர் பொள்ளாச்சியில் இருக்கிறார்கள். என் அலுவலகக் குழுக் காப்பீட்டில்தான் இருவருக்கும் மருத்துவப் பாதுகாப்பு. சரவணம்பட்டி ஃப்ளாட்டுக்கு 22 லட்சம் கடன் பாக்கி, அதை வாடகைக்கு விட எண்ணம். கையில் 16 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. அதைக் கடனில் கட்டிவிட்டு நிம்மதியாகக் கிளம்பலாமா? வங்கிக் கணக்கு, பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி எல்லாம் என்ன ஆகும்?

பதில்: கட்டாதீர்கள். இப்போதைக்கு அந்த 16 லட்சத்தில் பெரும்பகுதி ரொக்கமாக உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கடனை அடைக்கிற ஆசை நியாயமானதுதான். ஆனால் வெளிநாட்டில் முதல் மூன்று மாதம் பணம் எப்படிக் கரையும் என்பது இங்கிருந்து பார்த்தால் தெரியாது.

ஜெர்மனியில் வீடு பிடித்தால், ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதம் வரை முன்பணம் கேட்கலாம். சட்டப்படி அதை மூன்று தவணையாகக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மாத வாடகை 1,100 யூரோ என்றால் முன்பணம் மட்டும் 3,300 யூரோ. வீடு கிடைக்கும்வரை தற்காலிக அறைக்கு வாடகை தனி. இதில் பலரும் எதிர்பார்க்காத ஒன்று, அங்கே நிறைய வீடுகள் சமையலறை இல்லாமலே வாடகைக்கு வரும். அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது. சுவரில் தண்ணீர்க் குழாயும், கூரையில் விளக்கு மாட்ட வயரும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போவதை விலைக்கு வாங்க வேண்டும், இல்லையென்றால் புதிதாகப் போட வேண்டும். சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும். யூரோ 100 ரூபாயைத் தாண்டும் என்று வைத்துக்கொண்டு, 8 லட்சத்தை இந்தக் கணக்குக்கு ஒதுக்குங்கள். கிளம்பும் முன்பே வங்கி மூலம் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். நிதியாண்டில் 10 லட்சத்துக்குள் அனுப்பினால் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தமும் கிடையாது. நிறுவனம் இடமாற்றப் படி தருமா என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள்.

மீதியில் 4 லட்சம் பெற்றோருக்கான அவசர நிதி. மிச்சம் 4 லட்சத்தை வேண்டுமானால் கடனில் கட்டுங்கள். தனிநபர் வீட்டுக் கடன் மிதக்கும் வட்டியில் (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) இருந்தால் முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லை. யூரோ சம்பளம் வரத் தொடங்கியபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டிக்கொண்டே வரலாம்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்ல வேண்டும். கிளம்பும் தேதியை மாற்ற முடியுமா பாருங்கள். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வருமான வரிக்கு வெளிநாடுவாழ் இந்தியர். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 28 அன்று 181 நாள் முடிகிறது. அக்டோபர் நடுவில் போனால் இந்த ஆண்டு முழுக்க நீங்கள் இந்தியாவில் வசிப்பவர்தான். அதாவது மார்ச் வரை வாங்கும் ஜெர்மன் சம்பளத்தை இங்கேயும் கணக்கில் காட்டி, அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கேட்டு, ஜெர்மன் வங்கிக் கணக்கையும் வெளிநாட்டுச் சொத்து என்று தெரிவிக்க வேண்டும். கூடுதல் வரி பெரிதாக வராமல் போகலாம், ஆனால் அலைச்சல் நிச்சயம். விசா வந்துவிட்டால் செப்டம்பர் 25க்குள் விமானம் ஏறுவது போல நிறுவனத்திடம் பேசிப் பாருங்கள். மூன்று வாரம் முன்னால் போவதில் அவர்களுக்கும் பெரிய இழப்பு இருக்காது.

இது வருமான வரிக் கணக்கு. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கணக்கு வேறு: வேலைக்காகக் கிளம்பிவிட்டாலே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர், 182 நாள் காத்திருக்கத் தேவையில்லை. அதனால் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய கணக்கை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர், அது விதிமீறல். வாடகை, டிவிடெண்ட் போன்ற இந்திய வருமானம் என்ஆர்ஓவில் வரட்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்குத் தனியாக ஒரு என்ஆர்இ கணக்கு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்று வங்கியில் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ஜெர்மனியில் வசிப்பவர் வெளிநாட்டு வட்டியையும் அங்கே காட்ட வேண்டும். ஆளுக்கு 1,000 யூரோ, தம்பதிக்கு 2,000 யூரோ வரை முதலீட்டு வருமானத்துக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் போனால் வரிதான். முதல் வருடம் மட்டுமாவது அங்கே ஒரு வரி ஆலோசகரிடம் போங்கள்.

ஃப்ளாட் வாடகை விஷயத்திலும் ஒரு சிக்கல். வீட்டுக்காரர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குடியிருப்பவர் 31.2% வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்கள் உண்மையான வரி அவ்வளவு இருக்காது, ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். ஆனால் 20,000 வாடகையில் கையில் வருவது 13,760தான் என்பதை வைத்து இஎம்ஐக்குத் திட்டமிடுங்கள். குடிவருபவரிடம் இதை ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. அப்பா பெயரில் பவர் பத்திரத்தையும் கிளம்பும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே போய் எழுதினால் தூதரகச் சான்று, இங்கே முத்திரைத்தாள் என்று இழுக்கும்.

பிபிஎஃப் கணக்கைத் தொடரலாம், பணமும் போடலாம். ஆனால் வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்போது 15 வருடம் முடிந்தபின் நீட்டிக்க முடியாது, புதிதாகவும் தொடங்க முடியாது. எஸ்ஐபி நிற்கத் தேவையில்லை. கேஒய்சியில் (அடையாள விவரப் பதிவில்) வெளிநாடுவாழ் இந்தியர் என்று மாற்றி, புது வங்கிக் கணக்கை இணையுங்கள். டேர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) இருந்தால், வெளிநாடு போவதைச் சொல்லி அந்த நிறுவனத்துக்கும் ஒரு கடிதம்.

உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது பெற்றோரின் காப்பீடு. ஜெர்மன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இங்குள்ள வேலையிலிருந்து விலகியதும் குழுக் காப்பீடு முடிந்துவிடும். அதற்கப்புறம் புதிதாக எடுத்தால், ஏற்கனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதாவது நீங்கள் திரும்பி வரும்வரை. குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே எச்ஆரிடம் கேட்டு விண்ணப்பியுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் இல்லை. இதை இந்த வாரமே தொடங்குங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

அப்புறம், உங்கள் மொபைல் எண். ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, குறைந்தபட்ச ரீசார்ஜை மாதாமாதம் போடும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். எண் செயலிழந்தால் அங்கிருந்து அதை மீட்பது பெரும் பாடு.