நோட்டாரிஸ் ஆக என்ன அவசரம்?

இந்தோனேசியாவின் மேடான் நகரிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மகளுக்கு 22 வயது, சட்டப் படிப்பில் கடைசி வருடம். பினாங்கில் இருக்கும் பெரிய மாமாவும் மேடானில் இருக்கும் சித்தப்பாவும் 'நோட்டாரிஸ் படிப்பில் சேர்த்துவிடு, வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை' என்று பிடிவாதமாக இருக்கிறார்களாம். மகளோ சட்ட ஆராய்ச்சி என்கிறாள். எதைப் பற்றி என்று கேட்டால் ஆட்சிமுறை, பெண்களின் பிரதிநிதித்துவம், வணிகச் சட்டம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். 'இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா? நாளைக்குச் சம்பந்தி வீட்டில் என்னவென்று சொல்வது?'

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நான் ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பினால், அடுத்த மாதமே நீங்கள் முதுகலை நோட்டாரிஸ் படிப்புக்குப் பணம் கட்டிவிடுவீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்: இப்போது கட்டாதீர்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு நோட்டரி பப்ளிக்கை வைத்து இந்தோனேசிய நோட்டாரிஸை எடை போடக் கூடாது. அது டச்சுக்காரர்கள் விட்டுப்போன முறை. கம்பெனி தொடங்கும் பத்திரம், பங்கு மாற்றம், கடன் ஒப்பந்தம் போன்றவற்றை அவர் எழுதினால் நீதிமன்றத்தில் அதற்கு முழுச் சான்று வலு உண்டு. அதனால்தான் அந்த மரியாதை, அந்த வருமானம். மாமா சொல்வதில் பொய் இல்லை.

ஆனால் மாமா காலண்டரைப் பார்க்கவில்லை. 2014ஆம் ஆண்டின் நோட்டாரிஸ் திருத்தச் சட்டப்படி 27 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதுகலை முடித்த பிறகு ஒரு நோட்டாரிஸ் அலுவலகத்தில் தொடர்ந்து 24 மாதம் 'மகாங்', அதாவது பயிற்சி, எடுத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, எந்த ஊரில் எத்தனை இடம் என்று அமைச்சகம் போட்ட கணக்குக்குள் நியமனம் கிடைக்க வேண்டும். அப்புறம் சொந்த அலுவலகம், வாடகை, ஊழியர்கள், வாடிக்கையாளர் வரும்வரை கைக்காசு. இதற்கு நடுவில் 2020இன் வேலை உருவாக்கச் சட்டம், குறு சிறு தொழில் செய்பவர் நோட்டாரிஸ் பத்திரமே இல்லாமல் தனி ஆளாக ஒரு கம்பெனியை இணையத்தில் பதிந்துகொள்ள வழி செய்துவிட்டது. தொழில் அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 'வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை' என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

வக்கீல், நீதிபதி, வங்கியின் சட்டப் பிரிவு பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல உறவினர்கள் போதும். உங்கள் மகள் கேட்பதைப் பார்ப்போம்.

இந்தோனேசியாவில் 2011ஆம் ஆண்டின் 12ஆம் எண் சட்டம் என்று ஒன்று உண்டு. சட்டங்களை எப்படி இயற்ற வேண்டும் என்பதற்கான சட்டம் அது. அதன்படி ஒரு மசோதா போகும்போது கூடவே 'நஸ்கா அகாதெமிக்' என்ற ஆய்வறிக்கையும் போக வேண்டும். வரவுசெலவுத் திட்டம் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. சட்டத்தின் பின்னிணைப்பு அந்த அறிக்கையின் வடிவத்தையே வகுத்துக் கொடுத்திருக்கிறது. மொத்தம் ஆறு அத்தியாயம். இரண்டாவதில் கோட்பாட்டோடு நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். மூன்றாவதில் ஏற்கெனவே உள்ள சட்டங்களோடு எங்கே முட்டுகிறது என்று வரி வரியாக அலச வேண்டும். நான்காவதில் தத்துவ, சமூக, சட்ட அடிப்படைகள். மாகாண, மாவட்டச் சட்ட வரைவுகளும் இப்படி விளக்கத்தோடு அல்லது ஆய்வறிக்கையோடுதான் போகின்றன. 38 மாகாணங்கள், 500க்கும் மேற்பட்ட மாவட்டங்களும் நகரங்களும் உள்ள நாட்டில் இத்தனையையும் யாராவது உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும்?

நாடாளுமன்றத்தின் நிபுணர் பிரிவு, அமைச்சகங்களின் சட்டவரைவாளர் பணி, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் கே.பி.பி.யு. ஆணையம், பல்கலைக்கழக ஆய்வு மையங்கள், 1998இல் சுஹார்த்தோ வீழ்ந்த காலத்தில் பிறந்த பி.எஸ்.ஹெச்.கே. போன்ற சட்டக் கொள்கை ஆய்வு நிறுவனங்கள் என்று இந்த வேலை தெரிந்தவர்களுக்கு இடங்கள் இருக்கின்றன. வாசலில் பெயர்ப்பலகை இருக்காது. அதனால்தான் சித்தப்பாவின் கண்ணில் படவில்லை.

'பெண்கள் பிரதிநிதித்துவம் எல்லாம் மேடைப் பேச்சு' என்று மாமா சொன்னாராம். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வேட்பாளர் பட்டியலில் குறைந்தது 30 சதவீதம் பெண்கள் என்பது சட்டம். 2023இல் தேர்தல் ஆணையம் ஒரு விதி போட்டது: கணக்குப் போட்டு வரும் பின்னம் அரைக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். ஒரு தொகுதியில் கட்சி 11 பேரை நிறுத்துகிறது. 30 சதவீதம் என்றால் 3.3. பின்னத்தைத் தள்ளினால் 3 பெண்கள், அதாவது 27 சதவீதம். 4 பேர் என்றால் 1.2, தள்ளினால் ஒருவர், 25 சதவீதம். சட்டத்தைத் தொடாமலே கீழே இறக்கிவிட்டார்கள். தேர்தல் ஆய்வு அமைப்பான பெர்லுதெம் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆணையம் விதியைத் திருத்தாமல் கட்சிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பி நிறுத்திக்கொண்டது. விளைவு? 2024 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம், கொரோந்தாலோ மாகாண சபையின் 6ஆம் தொகுதியில் சில கட்சிகளின் பட்டியல் 30 சதவீதத்தைத் தொடவில்லை என்று சொல்லி, மறுவாக்குப்பதிவுக்கே உத்தரவிட்டது. பட்டியலைத் தொகுதி தொகுதியாக எண்ணிப் பார்த்தவர்கள் இல்லாவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா? சொல்லப்போனால் இன்னும் எண்ணுவதற்கு நிறைய இருக்கிறது. 580 பேர் கொண்ட தேசிய நாடாளுமன்றத்தில் பெண்கள் இன்றும் ஏறக்குறைய 22 சதவீதம்தான்.

அடுத்தது வணிகச் சட்டம். உங்கள் மகள் மூன்றையும் சேர்த்துச் சொல்வது குழப்பம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது தெளிவாகவே படுகிறது. டச்சுக் காலச் சிவில் சட்டத்தின் 108ஆம் பிரிவு, கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி ஒப்பந்தம் செய்ய முடியாது என்றது. 1963இல் உச்ச நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கையில் அதை இனிப் பொருந்தாது என்று ஒதுக்கியது. 1974ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் இருவருக்கும் ஒப்பந்த உரிமை உண்டு என்கிறது, அடுத்த வரியிலேயே கணவன் குடும்பத் தலைவன், மனைவி இல்லத்தரசி என்றும் சொல்கிறது. திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தைத் தொட இருவர் சம்மதமும் வேண்டும். சரி, சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு பெண் அந்தப் புதிய ஒரு நபர் கம்பெனியைத் தொடங்கி, கூட்டுச் சொத்திலிருந்து முதல் போட்டால்? கம்பெனி நொடித்தால் யார் சொத்து போகும்? ஸ்கிரிப்சிக்கு, அதாவது பட்டப்படிப்பின் முடிவில் எழுதும் ஆய்வேட்டுக்கு, நல்ல தலைப்பு இது. அதற்கு ஜகார்த்தா போக வேண்டியதும் இல்லை. நாட்டில் திவால் வழக்குகளை விசாரிக்கும் வணிக நீதிமன்றங்கள் ஐந்தே ஐந்து, அதில் ஒன்று மேடானில். உச்ச நீதிமன்றத்தின் இணையத் தீர்ப்புத் தொகுப்பைப் படிக்கக் காசும் கேட்பதில்லை.

குறைகளையும் மறைக்க மாட்டேன். ஆரம்பச் சம்பளம் சுமார்தான். ஒப்பந்த வேலை அதிகம், திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ஒரு கட்டத்தில் ஜகார்த்தாவிலோ யோக்யகர்த்தாவிலோ தனியாக இருக்க வேண்டியிருக்கும். இவை உங்களுக்கு ஒத்துவருமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சம்பந்தி வீட்டுக்கு என்ன சொல்வது என்பதை அந்தப் பேச்சில் சேர்க்காதீர்கள். இன்னும் வராத சம்பந்திக்காக இருக்கிற மகளின் படிப்பை முடிவு செய்ய முடியாது.

பணத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். நகையை அடகு வைத்து எந்த முதுகலையிலும் சேர்க்க வேண்டாம், ஆராய்ச்சி முதுகலையிலும்கூட. நிதி அமைச்சகத்தின் கீழ் எல்.பி.டி.பி. உதவித்தொகை இருக்கிறது. படிப்புச் செலவும் வாழ்க்கைச் செலவும் தருவார்கள். முடித்த பிறகு நாட்டுக்காகப் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை, அது உங்களுக்குச் சாதகம். கிடைக்காவிட்டால் ஓரிரு வருடம் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கட்டும்.

மாமாவுக்கு ஒரு பதில் வேண்டும் என்றால் சட்டமே தருகிறது. இன்று சேர்ந்தாலும் 27 வயதுக்கு முன் அவள் நோட்டாரிஸ் ஆக முடியாது. அதற்குப் பிறகு சேரத் தடையும் இல்லை. 27இல் அவளே விரும்பினால், தன் சம்பாத்தியத்தில் சேரட்டும். இப்போதைக்கு ஸ்கிரிப்சி வழிகாட்டியிடம் தலைப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள், ஆங்கிலத் தேர்வுக்குப் பதியச் சொல்லுங்கள். நோட்டாரிஸ் படிப்புக்கென்று எடுத்து வைத்த பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.