ஓமானில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பாலைவனத்துக்குப் போய் இரவு தங்க என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

கேள்வியோடு நீங்கள் போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்தேன். வண்டிக் கூரையில் மாட்டும் கூடாரம், பக்கவாட்டில் விரிக்கிற பந்தல், 12 வோல்ட் ஃபிரிட்ஜ், நீளமான எல்இடி விளக்கு, மடக்கு நாற்காலி நான்கு, காபி மெஷின். எல்லாம் நல்ல சாமான்தான். ஆனால் அதில் டயர் காற்று பார்க்கிற கேஜ் இல்லை, மண்வெட்டி இல்லை, தண்ணீர் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. நானும் முதலில் இப்படித்தான் வாங்கினேன், அதனால் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். தூங்குவதற்கான சாமானை விட, போன இடத்திலிருந்து திரும்பி வருவதற்கான சாமானுக்கு முதலில் காசு ஒதுக்குங்கள் என்பதுதான் என் பதில்.

மஸ்கட்டில் 11 வருடமாக இருக்கிறேன், பழைய பஜேரோ ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பயணம் வஹீபா மணல் என்கிற பாலைவனத்துக்கு. மஸ்கட்டிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், பிதியா என்கிற ஊர் வரைக்கும் நல்ல தார்ரோடு, அங்கிருந்து உள்ளே இறங்கினால் மணல். டிசம்பர் மாதம், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரே வண்டி. சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு சின்ன மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்தது, நான் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. மண்வெட்டி கிடையாது. மகன் கடற்கரைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கரண்டியும் எங்கள் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டும்தான். ஒரு மணி நேரம் தட்டால் அள்ளினோம். அள்ள அள்ள மணல் சரிந்து பழையபடி நிரம்பியது.

அப்போது பிக்கப்பில் வந்த ஒரு பெதுயின் (பாலைவன அரபு இனத்தவர்) பெரியவர் இறங்கி, ஒன்றும் பேசாமல் முதலில் டயரைத்தான் விரலால் அழுத்திப் பார்த்தார். நான் காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 28-க்கு இறக்கியிருந்தேன், அது போதும் என்று நினைத்திருந்தேன். அவர் தன் வண்டிச் சாவியின் நுனியால் வால்வை அழுத்தி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே நான்கு டயரிலும் காற்றை விட்டார். டயர் கீழே பிதுங்கி, இட்லி மாவு ஊற்றிய மாதிரி பரவியது. அப்புறம் சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலை விட்டுவிட்டு, பின்னால் இருந்ததைக் கையால் ஒதுக்கினார். வந்த தடத்திலேயே ரிவர்ஸில், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும், வண்டியை வெளியே எடுத்துவிட்டார். என்ன சாமான் வைத்திருந்தார் என்று கேட்டால், பேரீச்சம்பழ டப்பாவும் ஒரு பிளாஸ்க்கும்தான்.

ஆகவே முதலில் கேஜ். நல்ல முள் கேஜாக ஒன்று வாங்குங்கள், பெட்ரோல் பங்க் மெஷினை நம்பி உள்ளே போக வேண்டாம். சாதாரண மணலுக்கு 18 பிஎஸ்ஐ, மாவு மாதிரி இருக்கும் மணலுக்கு 15. காற்று இறங்கும்போது டயர் பக்கவாட்டில் கொஞ்சம்தான் அகலமாகும், நீளவாட்டில்தான் நிறையப் பரவும், அதனால் எடை பரந்து விழுந்து வண்டி மணலுக்கு மேலேயே நிற்கும். 12-க்குக் கீழே இறக்கிவிட்டுத் திருப்பத்தில் வேகமாக ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், எனவே அவசரத்துக்கு மட்டும் அது. மணல் காலையில் ஈரத்தோடு இறுக்கமாக இருக்கும், மதியம் காய்ந்து இளகிவிடும், காலையில் ஏறிய அதே மேடு சாயங்காலம் ஏறவிடாது.

இறக்கிய காற்றை மறுபடி அடிக்காமல் தார்ரோட்டில் 100-ல் போனால் டயரின் பக்கச் சுவர் சூடாகி வெடிக்கும். பிதியாவில் டயர் கடைகள் உண்டு, காற்று அடித்துக் கொடுப்பார்கள், ஆனாலும் சொந்தமாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னது வேண்டாம். அந்த சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 ஆம்பியர் ஃபியூஸ்தான், அதாவது 180 வாட், அதற்கு மேல் இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். என்னுடைய முதல் கம்ப்ரஸர் அந்த ரகம், மூன்றாவது டயரிலேயே கையை வைக்க முடியாத அளவு சூடாகி நின்றுவிட்டது. பேட்டரியில் நேரடியாக கிளிப் போடும் ரகமாக வாங்கி, இன்ஜினை ஓடவிட்டு அடியுங்கள்.

அடுத்தது மாட்டினால் வெளியே வருவதற்கு. நீளக் கைப்பிடி வைத்த மண்வெட்டி ஒன்று (வண்டிக்கு அடியில் நீட்டி இழுக்க வேண்டும், குட்டை மண்வெட்டி எட்டாது), சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பிளாஸ்டிக் பலகை ஒரு ஜோடி. பத்துக்கு எட்டுத் தடவை இதுவும் காற்றிறக்கமும் போதும்.

மிச்ச இரண்டு தடவைக்குக் கயிறு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இழுபடும் நைலான் கயிறு என்று தனியாக இருக்கிறது, சுமார் 30 சதவீதம் நீளும், ரப்பர் மாதிரி அந்த விசையால் வண்டியைப் பிடுங்கி எடுக்கும். சாதாரண டோயிங் பெல்ட்டை வைத்து வேகமாக வெட்டி இழுத்தால் ஏதோ ஒன்று முறியும். உங்கள் வண்டி சாமானோடு இரண்டரை டன் என்றால் எட்டு டன் தாங்கும் கயிறு பாருங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டை இருக்கிறதே, அதில் கயிற்றை மாட்டவே கூடாது. அது முறிந்து பீரங்கிக் குண்டு மாதிரி பறந்து ஆள் செத்த சம்பவங்கள் உண்டு. கப்பலில் வண்டியைக் கட்டி அனுப்புவதற்கென்று கம்பெனி வைத்த மெல்லிய வளையமும் இதற்கு ஆகாது. இழுப்பதற்கென்றே சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கி எது என்று வீட்டிலேயே குனிந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். அப்புறம், கயிறு இருந்தால் மட்டும் போதுமா, இழுக்க இன்னொரு வண்டி வேண்டாமா? தனி வண்டியாக உள்ளே போவதை நான் விட்டுவிட்டேன்.

ஜாக்கி மணலில் புதையும். அதற்கு அடியில் வைக்க ஒரு முழ அகல பிளைவுட் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டுப் பழைய அலமாரிக் கதவில் அறுத்தது இன்னும் ஓடுகிறது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். பஞ்சர் ஒட்டும் திரி செட், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, போனில் இணையம் இல்லாமல் திறக்கும் வரைபடம், இதெல்லாம் சொல்லாமலே தெரியும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர், அதோடு ஒரு நாள் கூடுதலாக. ஒரே பெரிய கேனில் வைக்க வேண்டாம், ஓட்டை விழுந்தால் எல்லாம் போச்சு. பெட்ரோல் மணலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும். வஹீபாவுக்கு பிதியாவில் டேங்கை நிரப்பினால் இரண்டு நாளுக்கு எனக்குப் போதுமாக இருக்கிறது, ருப் அல் காலி என்கிற பெரும் பாலைவனத்தின் பக்கம் போவதானால்தான் தனி கேன்.

ஃபிரிட்ஜ் இரண்டு இரவுக்குத் தேவையில்லை, ஐஸ் பெட்டி போதும். இரவெல்லாம் வண்டி பேட்டரியில் ஃபிரிட்ஜை ஓட்டிவிட்டுக் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டாவது பேட்டரியும் சேர்த்து வாங்குங்கள். சாப்பாட்டுக்கு முதல் இரவு புளியோதரை, அடுத்த நாள் கேஸ் அடுப்பில் ரசம், அப்பளம். தோசை மாவு மட்டும் வேண்டாம். குலுங்கிக் குலுங்கிப் புளித்துப் பொங்கி பெட்டி முழுக்க வழிந்ததில் அந்த வாசனை ஒரு மாதம் போகவில்லை.

கூரைக் கூடாரம் பற்றி என் அபிப்பிராயம்: 50, 60 கிலோவை உச்சியில் ஏற்றிக்கொண்டு மணல்மேட்டில் பக்கவாட்டில் சாய்வது எனக்குப் பிடிக்காது. சாதாரணத் தரைக் கூடாரம் போதும். கடல் பக்கம் என்பதால் வஹீபாவில் பனி நன்றாக இறங்கும், விடிகாலையில் துணி சொட்டும், மேல்விரிப்பு இருக்கிற கூடாரமாகப் பாருங்கள். கூடவே வரும் ஆணி மணலில் நிற்காது. பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்துவிட்டால் அசையாது. கீழே தார்ப்பாய், மேலே ஜமுக்காளம்.

விறகைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே நிற்கும் காஃப் மரத்தில் காய்ந்த கிளைதானே என்று ஒடிக்காதீர்கள். அது வேறொன்றும் இல்லை, நம் ஊர்க் கோயில்களில் சுற்றி வருகிறோமே, அந்த வன்னி மரம்தான். எனக்கே இது தெரிய ஐந்து வருடம் ஆனது. எரிந்த கரியை மணலால் மூடாமல் தண்ணீர் ஊற்றி அணையுங்கள், மூடினால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், வெறுங்காலில் ஓடும் பிள்ளை அதில் மிதிக்கும்.

வாதியில், அதாவது காய்ந்த ஆற்றுப்படுகையில், நிழல் இருக்கிறதே என்று கூடாரம் போட வேண்டாம். மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வந்து சேரும்.

கடைசியில் ஜூன் மாதம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மணலுக்கு வேண்டாம், 45 டிகிரியில் ஒரு டயர் மாற்றுவதே ஆளைப் படுக்கவைக்கும். வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்றால் ஜெபல் ஷம்ஸுக்குப் போங்கள். சுமார் 3,000 மீட்டர் மலை, மேலே ஏசி இல்லாமல் தூங்கலாம். மணலுக்கு அக்டோபர் கடைசியில் கிளம்பலாம், அதற்குள் அந்தக் கேஜை வாங்கி வையுங்கள்.