திருமயத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "பொங்கல் கழிந்து சென்னையிலிருந்து காரில் காரைக்குடி போகிறோம். போகிற வழியில் திருமயம் கோட்டையைப் பார்க்க ஆசை. அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதுமா? அம்மா காரிலேயே இருக்கட்டும் என்று நினைக்கிறோம். பக்கத்தில் கோயில் இருக்கிறது என்கிறார்களே, அதையும் பார்க்கலாமா?"

ஒரு மணி நேரம் போதாது. குறைந்தது மூன்று மணி நேரம் வையுங்கள், அதுவும் காலையில். அம்மாவைக் காரில் உட்கார வைக்க வேண்டாம். திருமயத்தில் ஆக மதிப்பு வாய்ந்தவை எவையோ அவை தரையோடு ஒட்டி இருக்கின்றன. அவற்றை அவரால் பார்க்க முடியும். மலை உச்சிக்குப் போவதுதான் கடினம், அது இல்லாமல் போனாலும் அவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

புதுக்கோட்டை - காரைக்குடி சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்றால், கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி இருக்கும் கோட்டை பைரவர் சன்னிதியில் வண்டியை நிறுத்துவார்கள். சாமி கும்பிட்டு, பின்னால் தெரியும் மதிலைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பைரவரைக் கும்பிடுவது நல்லதுதான். ஆனால் அதே பாறையின் தென்புறம் ஆயிரத்து இருநூறு வருடங்களுக்குக் குறையாத வயதுள்ள இரண்டு குடைவரைக் கோயில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று பெருமாளுக்கு, ஒன்று சிவனுக்கு. கோட்டை 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. அந்தப் பாறையில் கோட்டைச் சுவர் ஏறுவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே அதன் அடிவாரத்தில் பூசை நடந்துகொண்டிருந்தது. அதனால் கோயிலையும் சேர்க்கலாமா என்பதல்ல, கோயிலுக்குப் போய்விட்டுக் கோட்டைக்கு ஏறலாமா என்றே நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இந்த வரிசைக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. கோயில்கள் காலையில் சீக்கிரம் திறந்து, பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்திவிட்டு, மாலை நாலு மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, அங்கே டிக்கெட் கொடுக்க ஆரம்பிப்பது ஒன்பது மணி வாக்கில். ஏழரைக்குக் கோயிலில் நுழைந்தால் ஒன்பது, ஒன்பதரைக்குக் கோட்டை வாசலில் நிற்கலாம். பாறை சூடேறுவதற்குள் மேலே போய் இறங்கியும் விடலாம். மதியம் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தீர்களானால் கோயில் பூட்டியிருக்கும், பாறை கொதிக்கும். அன்றைக்குத் திருமயம் உங்களுக்குப் பிடிக்காது.

சென்னையிலிருந்து வருகிற அன்றே இது நடக்காது. காரைக்குடிக்கு நேராகப் போய்த் தங்குங்கள். மறுநாள் காலை அங்கிருந்து திருமயத்துக்கு வந்தால் அரை மணி நேரப் பயணம்தான். திருச்சியில் இரவு தங்கினால் சுமார் 75 கிலோமீட்டர், ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும், அம்மாவுக்கு அது சிரமம். கார் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: திருமயத்தில் ரயில் நிலையம் உண்டு, ஆனால் எக்ஸ்பிரஸ் ரயில்களுக்குப் புதுக்கோட்டையோ காரைக்குடியோதான் வசதி. அங்கிருந்து பஸ் நிறையவே கிடைக்கும். ஏறும்போதே, திருமயம் ஊருக்குள் போகுமா, பைபாஸில் இறக்கிவிடுமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய திருமெய்யம் இதுதான். உள்ளே இரண்டு சன்னிதிகள். நின்ற திருக்கோலத்தில் சத்தியமூர்த்தி, குடைவரைக்குள் கிடந்த கோலத்தில் திருமெய்யர். கிடந்த பெருமாள் சன்னிதியில் அவசரப்படாதீர்கள். பாறையை அப்படியே குடைந்து செதுக்கிய மிகப் பெரிய திருமேனி அது, ஒரே பார்வையில் பிடிபடாது. பட்டர் தீபத்தைத் திருமுகத்திலிருந்து திருவடி வரை மெல்லக் காட்டும்போது கூடவே கண்ணை நகர்த்துங்கள். பெருமாளைச் சுற்றிப் பின்சுவரிலும் நிறைய உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. திருவடிப் பக்கம் மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்கள் இருப்பார்கள். ஆதிசேஷன் கக்கும் தீச்சுவாலை அவர்களைத் துரத்துகிறது. பெருமாள் யோக நித்திரையில் இருக்கிறார், எழுப்பக் கூடாது என்று சேஷனே அசுரர்களை விரட்டிவிட்டானாம். பிறகு, உத்தரவில்லாமல் செய்துவிட்டோமே என்று பயந்தபோது, பெருமாள் கண் விழித்து அபயம் கொடுத்தாராம். தலபுராணம் சொல்கிற கதை இது. சன்னிதிக்குள் போவதற்கு முன்பே குழந்தைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அப்போது அவர்களே தீயையும் அசுரர்களையும் தேடிக் கண்டுபிடிப்பார்கள். கூட்டம் இல்லாத காலை நேரமாக இருந்தால், "கொஞ்சம் நின்னு சேவிச்சுக்கலாமா சாமி?" என்று பட்டரிடம் பணிவாகக் கேளுங்கள். கருவறையில் போட்டோ எடுக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கோயிலைப் பற்றி ஒரு கல்வெட்டுச் செய்தி எனக்கு எப்போதும் பிடிக்கும். முத்தரையர் குலத்துச் சாத்தன் மாறனின் தாயார் பெரும்பிடுகு பெருந்தேவி, இதைப் புதுப்பித்து நிலதானமும் கொடுத்திருக்கிறார். குடைவரையைக் குடைந்தது பல்லவரா, பாண்டியரா, முத்தரையரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் பராமரித்தவர்களில் ஒரு பெண்ணின் பெயர் கல்லிலேயே நிற்கிறது. வெளியே வரும்போது எட்டுப் பட்டையாக அமைந்த திருக்குளத்தையும் பாருங்கள்.

அப்புறம் சத்தியகிரீசுவரர் கோயில். ஒரே பாறைதான், ஆனால் வாசல் தனி, ஒன்றிலிருந்து வெளியே வந்துதான் மற்றதற்குப் போக வேண்டும். கொஞ்ச தூர நடைதான். அம்மா மெதுவாக வரட்டும். இரண்டு கோயில்களிலும் சில படிகள் ஏற வேண்டியிருக்கும், கூட ஒருவர் கை கொடுத்தால் போதும். குடைவரைக்குள் லிங்கத்துக்கு எதிர்ச்சுவரைத் திரும்பிப் பார்க்கத் தவறாதீர்கள். லிங்கோத்பவர், அதாவது லிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவன், புடைப்புச் சிற்பமாக அங்கே ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கிறது. வருகிற பலர் சாமியைக் கும்பிட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். விதானத்தில் பழைய வண்ண ஓவியத்தின் மிச்சங்களும் தெரியும்.

இங்கேயும் கல்வெட்டுகள் உண்டு. "பரிவாதினி" என்ற சொல் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. பரிவாதினி என்பது ஏழு நரம்பு கொண்ட வீணை. புதுக்கோட்டைக்கு மேற்கே குடுமியான்மலையில் இருக்கும் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டோடு இதற்கு உறவு உண்டு. அதே மாதிரியான இசைக் கல்வெட்டு ஒன்று இங்கும் இருந்து, பிற்காலத்தில் அதன் மேலேயே வேறு கல்வெட்டு வெட்டப்பட்டதால் பெரும்பகுதி அழிந்துபோனது. மேலே வெட்டப்பட்டதும் சாதாரணச் செய்தி அல்ல. இரண்டு கோயில்காரர்களும் வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்வதில் நெடுநாள் சண்டை போட்டிருக்கிறார்கள். 1245-ல் கர்நாடகத்துப் போசள (ஹொய்சாள) அரசின் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் சபை கூட்டி, விசாரித்து, தீர்த்து வைத்தார். அந்தத் தீர்ப்பை எழுதத்தான் இசைக் கல்வெட்டின் இடம் போனது. இழப்பு பெரியதுதான்.

இனி கோட்டை. நீங்களும் குழந்தைகளும் மேலே ஏறும் நேரத்தில் அம்மா கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கலாம். நடை சாத்தும் வரை நிழலும் காற்றும் அங்கே உண்டு, காருக்குள் இருப்பதைவிட நூறு மடங்கு மேல். ஆசையாக இருந்தால் கோட்டையின் தெற்கு வாசல் வரை வந்து அனுமார், சக்தி கணபதி, கருப்பர் சன்னிதிகளைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பட்டும்.

முன்பு ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள், இப்போது நிற்பவை நாலு. நிதானமாக ஏறினால் அரை மணி நேரத்தில் உச்சி. வழியில் வெடிமருந்து வைத்திருந்த அறையைப் பார்க்கலாம். பாதி ஏற்றத்தில் மேற்குப் பக்கமாக, பெரும் பாறையைக் குடைந்து ஒரு சிறிய சிவன் அறை. சதுர ஆவுடையாரில் லிங்கம். இரும்பு ஏணியில் ஏறித்தான் எட்ட வேண்டும். பையன் ஏறிவிடுவான், சின்னவளுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் இருங்கள். உச்சியில் கொத்தளமும் பீரங்கியும் இருக்கின்றன. சுற்றிலும் கண்மாய்களும் வயலும் செம்மண்ணும் வெகுதூரம் தெரியும். மதில் ஓரத்தில் தடுப்புக் கம்பி எல்லா இடத்திலும் கிடையாது, ஆறு வயதுப் பெண்ணின் கையை விடவே கூடாது. பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர்ப் பக்கமும் விடாதீர்கள்.

இதை ஊமையன் கோட்டை என்று உள்ளூரில் சொல்வார்கள். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை இங்கே ஒளிந்திருந்தார் என்றும், இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள் என்றும் விதவிதமாகக் கேட்பீர்கள். ஊமைத்துரை சிறையிருந்து 1801 பிப்ரவரியில் தப்பியது பாளையங்கோட்டையிலிருந்து. அந்த வருடமே பிடிபட்டு, பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். ஊர் அவர் பெயரை அன்போடு வைத்திருக்கிறது, அதை மதித்துக் கேளுங்கள். குழந்தைகளுக்குச் சரித்திரமாகச் சொல்லும்போது மட்டும் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள். திருமயத்தில் பிறந்த விடுதலை வீரர் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவர் சத்தியமூர்த்தி. 1887-ல் இந்த ஊரில் பிறந்தவர், காமராஜருக்கு அரசியல் குரு, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான்.

சில்லறை விஷயங்கள்: மேலே நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஆளுக்கொரு பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், காலி பாட்டிலைக் கீழே கொண்டுவந்து போடுங்கள். கோட்டைக்குச் செருப்பு போட்டு ஏறலாம், பிடிப்புள்ள அடிப்பகுதி வேண்டும். கழிப்பறைக்குத் தங்கும் விடுதியிலேயே போய்விட்டுக் கிளம்புவது உத்தமம், அம்மாவுக்கு முக்கியமாக. ஊரில் இட்லி, தோசைக்குச் சின்ன ஓட்டல்கள் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி திரும்புங்கள். தை, மாசி ஏற்ற காலம். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கே பாறை சுடும், ஐப்பசி, கார்த்திகை மழையில் வழுக்கும். காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம், கோட்டையில் நிற்க இடம் இருக்காது.

அன்றைக்கே சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை எல்லாவற்றையும் அடுக்கிவிடாதீர்கள். அவை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், தனியாக ஒரு நாள் கேட்கிற இடங்கள். இன்னும் தெம்பு இருந்தால் வழியிலேயே இருப்பது கானாடுகாத்தான், செட்டிநாட்டு வீடுகளைத் தெருவில் நடந்தபடியே பார்க்கலாம். புதுக்கோட்டைப் பக்கம் போவதாக இருந்தால் நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகள். குழந்தைகளுக்கு அது பிடிக்கும், அம்மா நடக்கவும் அதிக தூரமில்லை.

பைரவரைக் கிளம்பும்போது கும்பிட்டுக்கொள்ளலாம். வண்டியை ரோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள், அந்த இடத்தில் லாரிகள் வேகமாக வரும்.