பாரிஸ் ரோடின் அருங்காட்சியகத்தில் தோட்டத்துக்கு அரை மணி நேரம் போதுமா?

போதாது. நீங்களும் ஏதோ ஒரு சுற்றுலாக் குழுவோடுதான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் பயணத் திட்டத்திலும் இதே அரை மணிதான் போட்டிருந்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அம்மாவோடு போயிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். வழிகாட்டி எல்லாரையும் நேராகச் 'சிந்தனையாளன்' சிலைமுன் நிறுத்தி, மோவாயில் கை வைத்து ஆளுக்கொரு படம் எடுக்கச் சொன்னார். பாதி நேரம் அதிலேயே போய்விட்டது. அது 'நரகத்தின் வாயில்' என்ற பெரிய கதவுக்காக உருவான சிலை, அந்தக் கதவும் இதே தோட்டத்தில் நிற்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கதவு 1880-இல் வந்த வேலை, 1917-இல் இறக்கும்வரை சிற்பி ரோடின் அதை விடவில்லை. உச்சியில் மூன்று பேர் குனிந்து நிற்பார்கள், மூன்றும் ஒரே உருவம்தான், வேறு வேறு பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

நாங்கள் வரிசையை விட்டுவிட்டுக் 'கலே நகரத்துக் குடிமக்கள்' என்ற ஆறு பேர் சிலைத் தொகுதியின் பக்கம் போனோம். அம்மாவுக்குக் கதை சொன்னேன். 1347, இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வர்ட் ஏறத்தாழ ஒரு வருடம் ஊரை முற்றுகையிட்டு, ஆறு பேர் கழுத்தில் கயிற்றோடு சாவியைக் கொண்டுவந்தால் மற்றவர்களை விடுகிறேன் என்கிறான், ஆறு பேர் வெறுங்காலோடு கிளம்புகிறார்கள். ஒரு பக்கம் நின்று பார்த்தால் சிலர் முகமே தெரியாது, சுற்றி வரவேண்டும். மக்கள் நடுவே, தரைமட்டத்தில் அவர்கள் நிற்கவேண்டும் என்பதுதான் ரோடினின் ஆசை. ஆனால் 1895-இல் கலேயில் திறந்தபோது உயரமான பீடத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அம்மா இரண்டு சுற்று வந்தார். தலையைக் கைகளில் புதைத்திருப்பவனிடம் நின்று, "இவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கும்" என்றார். அரசி கெஞ்சியதில் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள் அம்மா என்றேன். "அது இவனுக்கு இன்னும் தெரியாதே" என்றார்.

அதற்குள் வழிகாட்டி வந்து, எங்களால்தான் பேருந்து தாமதம் என்று எல்லார் முன்னாலும் அம்மாவிடம் கத்தினார். தனியாகப் போயிருக்கலாமே என்பீர்கள். வயதானவரை மொழி தெரியாத ஊரில் தனியாக அழைத்துப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கலேயில் இருப்பதுதான் அசல், இது நகல் என்றும் யாராவது சொல்வார்கள். வெண்கலச் சிலையை ஒரே மூலத்திலிருந்து பல முறை வார்ப்பார்கள், பிரெஞ்சுச் சட்டம் 12 வார்ப்புகள் வரை அசல் என்றே ஏற்கிறது. கலை படித்தவர்களுக்குத்தான் புரியும் என்பவர்களுக்கு, அம்மா எட்டாவதுவரைதான் படித்தவர். நான் படித்த பள்ளியில் அட்டவணையில் ஓவிய வகுப்பு என்று இருக்கும், ஆறு வருடமும் அந்த நேரத்தில் கணக்குதான் நடந்தது. இதை யாரிடம் போய்க் கேட்பது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒன்றரை மணி நேரம் வையுங்கள், கால் ஓய்வதற்குள் தோட்டத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள். அந்த ஆறு பேரில் சாவி வைத்திருப்பவனின் கைகளை மட்டும் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.